ஆதார் எங்கே கட்டாயம், எங்கே இல்லை? சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன?

சிம் வாங்கப் போனாலும் ஆதார், ஸ்கூல்ல பிள்ளையைச் சேர்க்கப் போனாலும் ஆதார். கேட்கிற இடத்திலெல்லாம் கொடுத்தே ஆகணுமா?

வழக்கு என்ன?
கைரேகை, கருவிழிப் பதிவை அரசு வாங்கி வைப்பது அந்தரங்கத்தில் தலையிடுவது என்று 2012-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். போலிப் பயனாளிகளைத் தடுக்க ஆதார் தேவை என்றது அரசு. 2017 ஆகஸ்ட் 24-ல், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26-ல் 5 நீதிபதிகள் அமர்வு, 4:1 என்ற கணக்கில் ஆதார் சட்டம் செல்லும் என்றது. ஆனால் எல்லை போட்டது.

எங்கே கட்டாயம்?
அரசு மானியம், நலத்திட்ட உதவி, பான் கார்டு இணைப்பு.

எங்கே கட்டாயம் இல்லை?
பள்ளிச் சேர்க்கை, சிம் கார்டு, வங்கிக் கணக்கு. 2019 சட்டத்திருத்தப்படி, சிம்முக்கும் வங்கிக்கும் நீங்களாக விரும்பினால் ஆதார் தரலாம். மானியம் வரவேண்டிய வங்கிக் கணக்குக்கு மட்டும் ஆதார் தேவை.

அப்போ சிக்கல் யாருக்கு?
மானியம் வேண்டாதவர் 'தரமாட்டேன்' என்று சொல்லிவிடலாம். ரேஷன் அரிசியை நம்பி இருப்பவரால் முடியாது. கூலி வேலையில் தேய்ந்த விரலையும் முதியவர்களின் ரேகையையும் மிஷின் பல நேரம் படிப்பதில்லை. கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதியானவருக்கு உதவி மறுக்கப்படாது என்று அரசு சொன்ன உறுதியை கோர்ட் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. ஆதார் எண்ணே கிடைக்காதவருக்கு வேறு அடையாள ஆவணம் காட்ட வழி தரணும் என்கிறது ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவு.

'ரேகை விழலை, நாளைக்கு வாங்க' என்றால் வெறுங்கையோடு திரும்பாதீங்க. வேறு வழி என்ன என்று கேளுங்க. அது சலுகை இல்லை, உங்க உரிமை.