விதைநெல்லை விற்ற அணி

2025 மே 18ஆம் திகதி ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் ஐஸ் ஹொக்கி அணி, பிளேஓஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், எங்கள் அரங்கிலேயே புளோரிடாவிடம் 6–1 என்று தோற்றது. அடுத்த சில நாட்களில், பதினொரு ஆண்டுகள் அணி நிருவாகத்தின் தலைவராக இருந்த பிறெண்டன் ஷனகன் பதவியிழந்தார். யூலை பிறந்ததும் மிச் மார்னர் வேகஸுக்குப் போனார். அன்றிலிருந்து ஸ்காபுறோவில் எங்கே நாலு பேர் கூடினாலும் ஒரே கதைதான்: "எல்லாத்தையும் இடிச்சுப்போட்டு முதலிலயிருந்து கட்டோணும்."

அணியைத் திரும்பக் கட்டவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த அணியை எது திரும்பத் திரும்ப விழுத்துகிறது என்று தெரியாமல் கட்டினால், அடுத்த கட்டடமும் அதே இடத்தில் வெடிக்கும். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த அணியைப் பின்தொடர்ந்தும், எனக்கு முந்திய காலத்தைத் தேடிப் படித்தும் நான் கண்டது இதுதான்: லீவ்ஸுக்குத் திறமைப் பஞ்சம் வந்ததெல்லாம், விதைநெல்லை விற்று அன்றைய சோற்றை வாங்கியதால் வந்தது.

விதைநெல் நிறைந்திருந்த காலமும் இருந்தது. இளம் வீரர்களை ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிவுசெய்யும் வழக்கம் வருமுன், ஒவ்வொரு என்.எச்.எல். அணியும் தனக்கென்று இளையோர் அணிகளை வைத்திருந்தது. லீவ்ஸிடம் இரண்டு நாற்றுமேடைகள். ஒன்று சென்ற் மைக்கல்ஸ் கத்தோலிக்கப் பாடசாலை, மற்றது ரொறன்ரோ மார்ல்பரோஸ். டேவ் கியோன், ஃபிராங் மகோவ்லிச், பின்னாளில் கோப்பிக்கடையால் உலகறிந்த ரிம் ஹோர்ட்டன் ஆகியோர் முதலாவதில் வளர்ந்தவர்கள். ஜோர்ஜ் ஆம்ஸ்ட்ரோங், பொப் புல்ஃபோர்ட், பொபி போன், கார்ல் புரூவர் இரண்டாவதில் வளர்ந்தவர்கள்.

1957–58 பருவத்தில் லீவ்ஸ் ஆறு அணிகளில் ஆறாவதாக வந்தது. அந்தக் கோடையில் பஞ்ச் இம்லாக் வந்து சேர்ந்தார். நவம்பரில் பயிற்றுநர் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். இளையவர்களை அவர் தொடவில்லை. அவர்களைச் சுற்றி, மற்ற அணிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய மூத்தவர்களை நிறுத்தினார். பத்து வருடங்களுக்கு மேல் பெரும்பாலும் சிறிய லீக்குகளில் கிடந்த கோல்காப்பாளர் ஜொனி பவர் கிளீவ்லாந்திலிருந்து வந்தார். பொஸ்ரனிலிருந்து அலன் ஸ்ரான்லி வந்தார். 1960இல் டெட்ரோயிற்றிலிருந்து ரெட் கெலி வந்தார். அவரும் சென்ற் மைக்கல்ஸ் மாணவர்தான். இம்லாக் வந்த முதல் வருடமே, பருவத்தின் கடைசி இரவில் நியூயோர்க்கை முந்திப் பிளேஓஃபுக்குள் நுழைந்து, இறுதிப்போட்டி வரை போனார்கள். பிறகு 1962, 1963, 1964 என்று தொடர்ந்து மூன்று ஸ்ரான்லி கிண்ணங்கள். இந்த நகரம் கண்ட மிகச்சிறந்த மறுகட்டுமானம் அதுவே. நாற்று கையில் இருந்தது, அனுபவம் வெளியிலிருந்து மலிவாக வந்தது.

விற்பனை அந்த வெற்றிக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1964 பெப்ரவரியில் அன்டி பாத்கேற், டொன் மக்கெனி இருவருக்காக ஐந்து பேரை நியூயோர்க்குக்குக் கொடுத்தார் இம்லாக். அந்த வசந்தத்தில் கிண்ணம் கிடைத்தது. அடுத்த வருடம் பாத்கேற் போய்விட்டார். கொடுத்த ஐவரில் பொப் நெவின் நியூயோர்க்கின் அணித்தலைவரானார். ரொட் சைலிங் அங்கே பல வருடங்கள் தடுப்பாட்டத்தைத் தாங்கினார். 1967 மே 2ஆம் திகதி மொன்றியலை வென்று பதின்மூன்றாவது கிண்ணத்தை எடுத்தபோது பவருக்கு 42 வயது, ஸ்ரான்லிக்கு 41. கிழவர்களின் அந்த வெற்றியை இன்றும் இந்த நகரம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வரவேண்டியவர்கள் எங்கே? அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், ரொச்செஸ்ரரிலும் விக்ரோறியாவிலும் இருந்த தன் வளர்ப்பு அணிகளை நிருவாகம் பணத்துக்கு விற்றுவிட்டது. லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாகப் பெருகி, திறமையுள்ள ஒவ்வொரு பெடியனுக்கும் போட்டி கூடிய நேரத்தில் செய்த விற்பனை அது.

1972இல் அணி ஹரல்ட் பலார்ட்டின் கைக்கு முழுமையாகப் போனது. அதே வருடம் மோசடி, திருட்டுக் குற்றங்களுக்காக அவருக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே வந்தும் 1990இல் சாகும்வரை அணியை அவரே ஆண்டார். போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ. தொடங்கியபோது, மற்ற உரிமையாளர்கள் வீரர்களைத் தக்கவைக்கப் பணம் கொடுத்தார்கள், பலார்ட் கொடுக்கவில்லை. கோல்காப்பாளர் பேர்னி பேரண்ட் போனார். பிறகு பிலடெல்பியாவுக்காக 1974, 1975 இரண்டு கிண்ணங்களையும் வென்றார். 1975இல் கியோனும் போனார். 1979 டிசம்பரில் லனி மக்டொனால்டைக் கொலராடோவுக்குத் தள்ளியபோது, அவருடைய நண்பரும் அணித்தலைவருமான டரல் சிற்லர் தன் மேலங்கியிலிருந்த தலைவர் அடையாளத்தைக் கழற்றிவிட்டார்.

அந்த இருண்ட காலத்திலும் ஒரு வெளிச்சம் உண்டு. 1973இல், மற்றவர்கள் ஐரோப்பியர்களை நம்பாத நாளில், லீவ்ஸ் ஆட்கள் சுவீடனில் போர்யே சால்மிங்கைக் கண்டுபிடித்து அழைத்துவந்தார்கள். பதினாறு பருவங்கள் அவர் இங்கே நின்றார். தேடிப் போகிற கண்ணும் காத்திருக்கிற மனமும் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

நான் 1990இல் இந்த நகரத்துக்கு வந்தேன். வந்த குளிர்காலத்திலேயே உணவகமொன்றில் இரவில் கோப்பை கழுவும் வேலை. தலைமைச் சமையல்காரர் நியூஃபவுண்ட்லாந்து மனிதர். அடுப்புக்கு மேல் தட்டில் எண்ணெய் படிந்த வானொலி ஒன்று வைத்திருப்பார்; சனிக்கிழமை என்றால் அதில் லீவ்ஸ்தான். எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. அவர் உப்புப்புட்டிகளையும் கரண்டிகளையும் மேசையில் பரப்பி, நீலக்கோடு எது, ஓஃப்சைட் எது என்று காட்டித்தந்தார். ரொம் கேர்வர்ஸ் என்ற பெயரையும் அவரிடம்தான் முதலில் கேட்டேன். அந்தப் பெயரைச் சொல்லும்போது கரண்டியை மேசையில் அடிப்பார்.

1989 ஒக்ரோபரில் லீவ்ஸ் கேர்வர்ஸை நியூ ஜேர்சியிடமிருந்து வாங்கியது. விலை, 1991ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவு. தெரிவு முறையில் அடிமட்டத்தில் முடிக்கும் அணிக்குத்தான் முன்வரிசை இடம் கிடைக்கும்; அதனால் தோற்கும் அணிக்கு அந்த இடம் பொன். 1990–91 பருவத்தில் லீவ்ஸ் அடிமட்டத்தில் கியூபெக்குக்கு மட்டும் மேலே முடித்தது. கேர்வர்ஸை அந்த ஜனவரியிலேயே வன்கூவருக்கு மாற்றிவிட்டார்கள். யூனில், லீவ்ஸுக்குரிய மூன்றாவது இடத்தில் நியூ ஜேர்சி ஸ்கொற் நீடர்மேயர் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. அவர் நான்கு ஸ்ரான்லி கிண்ணங்களை வென்றார். அதில் ஒன்றும் இங்கே வரவில்லை.

பிறகு கிளிஃப் ஃபிளெச்சர் பொது முகாமையாளராக வந்தார். 1992 ஜனவரி 2ஆம் திகதி, பத்துப் பேர் கைமாறிய பேரத்தில் கல்கரியிலிருந்து டக் கில்மோரைக் கொண்டுவந்தார். அடுத்த பருவம் கில்மோர் 127 புள்ளிகள் எடுத்தார். 1993 மே 1ஆம் திகதி, டெட்ரோயிற்றில் ஏழாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் நிக்கொலாய் போர்ஷெவ்ஸ்கி கோல் அடித்தபோது, எங்கள் சமையலறையில் இலங்கையர், போர்த்துக்கேயர், நியூஃபவுண்ட்லாந்துக்காரர் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். இந்த நாட்டில் ஒரு விடயம் என்னுடையதும்தான் என்று நான் உணர்ந்தது அந்தக் கணத்தில்தான். அந்த மாதம் கடைசியில் கிறெற்ஸ்கியின் மூன்று கோல்களோடு லொஸ் ஏஞ்சலிஸ் எங்களை வெளியேற்றியது. ஃபிளெச்சர் கட்டிய அணி அழகான அணி. ஆனால் அதற்குக் கீழே வளர்ந்துவரும் வரிசை இல்லை. 1994இல் வெண்டல் கிளார்க்கைக் கொடுத்து மற்ஸ் சுண்டினை எடுத்தது நல்ல பேரம். அதே கிளார்க்கை 1996இல் திரும்ப வாங்க ஒரு முதற்சுற்றுத் தெரிவைக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் 1997இல் நியூயோர்க் ஐலண்டர்ஸ் எடுத்த கோல்காப்பாளர் ரொபேர்ட்டோ லுவோங்கோ.

ஒரு முறை நடந்தால் கெட்டகாலம் என்று விடலாம். 2006இல் ரூக்கா ராஸ்க் என்ற இளம் கோல்காப்பாளரைப் பொஸ்ரனுக்குக் கொடுத்து அன்ட்ரூ றேக்ரொஃப்ற்றை வாங்கினார்கள். ராஸ்க் பிறகு லீக்கின் சிறந்த கோல்காப்பாளர் விருதை வென்றார். 2009இல் ஃபில் கெசலுக்காக இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவும் அதே பொஸ்ரனுக்குப் போயின. லீவ்ஸ் அடிமட்டத்தில் முடிக்க, அந்தத் தெரிவில் பொஸ்ரன் ரைலர் சேகினை எடுத்து, 2011இல் கிண்ணத்தையும் தூக்கியது. 2005இல் சம்பள உச்சவரம்பு வந்தபின் இந்தப் பழக்கம் முன்னிலும் ஆபத்தானது. காசைக் கொட்டி ஓட்டையை அடைக்கமுடியாது. மலிவான ஒப்பந்தத்தில் ஆடும் இளையவர்கள் இல்லாத அணி மூச்சுத்திணறும்.

அதனால்தான் ஷனகன் 2014இல் தொடங்கிய வேலையை நான் மனதார மதிக்கிறேன். இந்த நகரத்தில் நாளையைப் பார்த்து உண்மையாகத் தொடங்கிய மறுகட்டுமானம் அது. கெசலை விற்றார்கள், அணித்தலைவர் ஃபனூஃபையும் விற்றார்கள். 2014இல் நீலாண்டர், 2015இல் மார்னர் என்று பொறுமையாக எடுத்தார்கள். 2015–16இல் லீக்கிலேயே கடைசியாக வந்தார்கள். அன்று கடைசி அணிக்கும் தெரிவில் முதலிடம் கிடைக்க 20 வீத வாய்ப்புத்தான் இருந்தது. சீட்டு எங்களுக்கு விழுந்தது. அந்த ஒக்ரோபரில் ஒஸ்ரன் மத்யூஸ் தன் முதல் ஆட்டத்திலேயே ஒட்டாவாவில் நான்கு கோல் போட்டபோது என் மகன் கதிரையில் ஏறி நின்று, "அப்பா, நாலாவது! நாலாவது!" என்று கூவினான். எத்தனையோ வருடத்து ஏக்கத்துக்கு அன்று பதில் கிடைத்தது.

பாதி வேலை நடந்தது. மறுபாதியில் பழைய பழக்கம் திரும்பியது. 2018இல் ஜோன் ரவாரஸ் வந்தார். 2019–20இல் 81.5 மில்லியன் டொலர் உச்சவரம்பில் ஏறக்குறையப் பாதி நான்கு பேருக்குப் போனது. இடம் ஒதுக்குவதற்காகப் பற்றிக் மார்லோவின் சம்பளத்தைக் கரோலினாவின் தலையில் வைக்க, அதற்குக் கூலியாக ஒரு முதற்சுற்றுத் தெரிவையும் கொடுத்தார்கள். அதில் கரோலினா செத் ஜார்விஸை எடுத்தது. 2021இல் நிக் ஃபொலீனோவுக்காக ஒன்று, 2023இல் றையன் ஓறைலிக்காக ஒன்று. இருவருமே அந்தந்தக் கோடையில் வேறு அணிக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் பிறண்டன் கார்லோவுக்கும் ஸ்கொற் லோற்றனுக்குமாக மேலும் இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளும் இரண்டு இளம் வீரர்களும். இத்தனைக்கும் 2017 முதல் 2025 வரை வென்ற தொடர்கள் இரண்டே.

எல்லாவற்றையும் இடித்துக் கடைசிக்கு வருவோம் என்கிற நண்பர்களிடம் நான் எட்மன்ரனைக் காட்டுவேன். 2010 முதல் ஆறு தெரிவுகளில் நான்கு முறை அவர்களுக்கே முதலிடம்; அப்படியும் 2016 வரை பத்துப் பருவங்கள் தொடர்ந்து பிளேஓஃபைக் காணவில்லை. ரம்பா வேறு வழியில் போனது. குச்செரோவை 58ஆம் இடத்திலும், பொயின்ற்றை 79ஆம் இடத்திலும், பலாற்றை 208ஆம் இடத்திலும் எடுத்து வளர்த்து, 2020, 2021 இரண்டு கிண்ணங்களை வென்றது. கடைசிக்கு வருவதால் ஒரு நட்சத்திரம் கிடைக்கலாம். அணி கிடைப்பது, ஊர் ஊராய்க் குளிர்ந்த அரங்குகளில் குந்தியிருந்து பெடியளைப் பார்க்கிற ஆட்களால்.

ஆகவே என் கோரிக்கைகள் தெளிவானவை. சில மாதங்களில் போகக்கூடிய எந்த வீரருக்காகவும் முதற்சுற்றுத் தெரிவைக் கொடுக்கக்கூடாது. சம்பள உச்சவரம்பு வீரர்களுக்கு மட்டுமே. திறமை தேடும் ஆட்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் செலவிட எந்தத் தடையும் இல்லை. கனடாவின் மிகப் பெரிய நகரத்தின் அணி அதில் எல்லோரையும் விட இரண்டு மடங்கு செலவிடட்டும். வளர்ப்பு அணியான மார்லீஸ் இதே நகரத்தில் ஆடுகிறது, 2018இல் தன் லீக்கின் கிண்ணத்தையும் வென்றது. அங்கே ஒருவரைக் கூடுதலாக ஒரு வருடம் விட்டு முதிரவைக்கும் பொறுமை வேண்டும்.

ரசிகர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மார்ச் பிறந்து, வீரர் பரிமாற்றத்துக்கான கெடு நெருங்கினால், ஆளை வாங்கு, ஆளை வாங்கு என்று இந்த நகரமே நெருக்கும். நிருவாகங்கள் அந்த நெருக்குதலுக்கு வளைந்திருக்கின்றன. பலார்ட்டின் காலத்திலும் இருக்கைகள் நிறைந்தே இருந்தன. அணி கெட்டாலும் காசு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை எங்கள் குரல் வேறாக இருக்கவேண்டும். அடுத்த மார்ச்சில் முகாமையாளர் ஒரு தெரிவையும் விற்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால், அதற்காக அவரைத் திட்டாமல் அவருக்குப் பின்னால் நிற்போம். மறுகட்டுமானத்தின் முதற்கல் அதுதான். அதை வைக்க ரசிகர்களாகிய எங்களாலும் முடியும்.