சொத்தை விற்ற கதை: கம்பம் பள்ளத்தாக்கில் கொடையின் அளவுகோல்

பொறியாளர் பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் ஐயமற்ற வரலாறு. இக்கதையை அணுகியோர் இரண்டு நிலைகளில் நின்றுவிட்டனர். ஒரு சாரார் சான்றில்லாத கட்டுக்கதை என ஒதுக்கினர். மறு சாரார் தண்ணீரால் வாழ்ந்த உழவரின் நன்றி சற்று மிகைப்பட்டது என்றனர். முன்னவர் கூற்று சரி. ஆனால் அது எதையும் விளக்கவில்லை. பின்னவர் கூற்றே பிழை என்று கருதுகிறேன்.

நன்றிக்குப் பலன்தான் அளவுகோல் என்றால் கதைக்குச் சொத்து விற்பனை எதற்கு? 1895 அக்டோபரில் திறந்த அணையின் நீர் சுரங்கம் வழியே கிழக்கே இறங்கி, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. பலனுக்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. ஆயினும் கதை வயலில் நிற்பதில்லை. வெள்ளம் வேலையை அடித்துச் சென்றது, அரசு கைவிரித்தது, அவர் ஊருக்குப் போய் விற்றுவந்தார் எனக் கொடுத்தவரின் இழப்பை நோக்கியே நகர்கிறது. சம்பளம் வாங்கிய பொறியாளர் அரசுப் பணத்தில் கடமையைச் செய்தார் என்றால் அங்கே நன்றிக்கடன் பிறக்காது. விற்பனைதான் அதைப் பிறப்பிக்கிறது.

இழப்பு மட்டும் போதுமா? போதாது. அணை வேலையில் காய்ச்சலாலும் காலராவாலும் மாண்ட கூலிகள் இழந்தது உயிர். 1886 குத்தகையில் திருவிதாங்கூர் அணைக்காக 8,000 ஏக்கரை 999 ஆண்டுகளுக்கு விட்டது. செலவு சென்னை மாகாணக் கருவூலத்தினுடையது. அதை நிரப்பியவர்கள் வரி கட்டிய குடிகள். பாலார்பட்டியில் ஜனவரி 15இல் பென்னிகுவிக்குக்கு வைக்கும் பொங்கல் இவர்களில் யாருக்கும் அன்று. கொடை எனக் கொள்ள இழப்போடு முகமும் வேண்டும், விரும்பித் தந்தார் என்ற நம்பிக்கையும் வேண்டும் எனத் தோன்றுகிறது. வலியும் உழைப்பும் கலந்த நிதிதிரட்டலுக்கு மக்கள் கூடுதலாகத் தர முன்வருவதை ஆய்வாளர்கள் ஒலிவோலாவும் ஷாஃபிரும் 2013இல் ஆய்வுகளால் காட்டினர். பள்ளத்தாக்கின் கதை அதே மனப்போக்கின் நீண்டகால வடிவம்.

கதை அணை தொடர்பாகக் கேரளத்துடனான வழக்கில் பிறந்த அரசியல் என்பாரும் உண்டு. வழக்குக்குக் குத்தகைப் பத்திரமே போதும். சொத்து விற்ற கதை எந்த நீதிமன்றத்துக்கும் தேவைப்படவில்லை. கதை நல்ல முன்மாதிரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்பதையும் ஏற்பதற்கில்லை. கொடுத்தவர் எவ்வளவு இழந்தார் என்று பார்க்கப் பழகிய கண், பெற்றவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்க மறக்கிறது. வரிப்பணத்தாலும் கணக்கான திட்டத்தாலும் நடக்கும் பெருநன்மை அதற்கு அறமாகவே தெரிவதில்லை.

பென்னிகுவிக் எதையும் விற்கவில்லை என்று நாளையே உறுதியானாலும் 14,707 ஏக்கரில் ஒரு சென்ட்கூடக் குறையாது. அவர் மதிப்பும் குறையக் கூடாது. குறையும் என்றால், நாம் போற்றிவந்தது தண்ணீரை அன்று, தியாகத்தை மட்டுமே.