20 அடியா, 40 அடியா? கன்டெய்னர் அளவுகளுக்குப் பின்னால் ஒரு சண்டை

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறும். பக்கவாட்டில் இருக்கும் கம்பெனிப் பெயர் மாறும். நீளம் மட்டும் பெரும்பாலும் இரண்டே வகைதான்: ஒன்று 20 அடி, இல்லாவிட்டால் 40 அடி.

ஏன் 20? ஏன் 25 இல்லை? யாரோ ஒரு பெரிய மேதை கணக்குப் போட்டு "இதுதான் சிறந்த அளவு" என்று கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அப்படி யாரும் கண்டுபிடிக்கவில்லை. பல வருடம் சண்டை போட்டு, கடைசியில் எல்லோரும் அரை மனதோடு ஒத்துக்கொண்ட அளவு இது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

பெட்டிக்கு முன்னால்

கன்டெய்னர் வருவதற்கு முன்பு கப்பலில் சரக்கு ஏற்றுவது என்றால் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, கட்டு என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். 1954-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்து ஜெர்மனிக்குப் போன 'வாரியர்' என்ற கப்பலை ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். அதில் இருந்த உருப்படிகள் 1,94,582! ஏற்றுவதற்கு 6 நாள் ஆனது. இறக்குவதற்கு இரவு பகலாக வேலை பார்த்தும் 4 நாள் ஆனது. கடலில் ஓடியது பத்தரை நாள். அதாவது கப்பல் ஓடிய நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான நேரம் கரையில் சும்மா நின்றது.

சரக்கைப் பெட்டியில் போட்டு அனுப்பும் யோசனை புதிதல்ல. ரயில்வே கம்பெனிகள் முயன்று பார்த்தன. அமெரிக்க ராணுவமும் சிறிய இரும்புப் பெட்டிகளைப் பயன்படுத்தியது. ஆனால் லாரி, கப்பல், கிரேன் மூன்றையும் ஒரே பெட்டியைச் சுற்றி மாற்றி அமைக்கலாம் என்று துணிந்தவர் மால்கம் மெக்லீன். கப்பல்காரர் இல்லை, லாரிக்காரர்!

26 ஏப்ரல் 1956 அன்று அவருடைய 'ஐடியல் எக்ஸ்' கப்பல் நியூஜெர்சியின் நூவர்க்கில் இருந்து 58 பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அது ஒரு பழைய எண்ணெய்க் கப்பல். அதுவரை ஒரு டன் சரக்கை ஏற்ற சுமார் 5.80 டாலர் ஆகிக்கொண்டிருந்தது. இந்த முறையில் 16 சென்ட்டுக்கும் குறைவாகத்தான் ஆனது.

ஆளுக்கொரு அளவு

செலவு இவ்வளவு குறைந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லோரும் பெட்டி செய்யக் கிளம்பினார்கள். அவரவர் வசதிக்கு ஒரு அளவு வைத்துக்கொண்டார்கள்.

மெக்லீன் முதலில் வைத்தது 33 அடி. காரணம், அந்த எண்ணெய்க் கப்பலின் மேல்தளம் 33 அடி 33 அடியாகப் பிரிக்கத் தோதாக இருந்தது. 1957-லேயே 35 அடிக்கு மாறினார். நியூஜெர்சி பக்கத்து நெடுஞ்சாலைகளில் அதுதான் அனுமதிக்கப்பட்ட உச்ச நீளம். 1958-ல் ஹவாய்க்குக் கன்டெய்னர் விட்ட மேட்சன் கம்பெனி 24 அடியைத் தேர்ந்தெடுத்தது. கலிபோர்னியாவில் ஒரு லாரி இரண்டு 24 அடி பெட்டிகளை இழுத்துப் போக முடியும். தவிர, அவர்களுடைய முக்கியச் சரக்கான டப்பா அன்னாசிப்பழம் கனமானது, பெரிய பெட்டி கட்டுப்படியாகாது. வெனிசுலாவுக்குக் கப்பல் விட்ட கிரேஸ் லைன் 17 அடியோடு நிறுத்திக்கொண்டது. அங்கே மலைப்பாதைகள், நீளமான லாரி வளைவில் திரும்பாது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் சரி. சேர்த்துப் பார்த்தால் எல்லோரும் தப்பு! ஒருவர் பெட்டி இன்னொருவர் கப்பலில் உட்காராது. ஒருவர் கிரேன் இன்னொருவர் பெட்டியைத் தூக்காது.

சமரசம்

அமெரிக்க அரசின் கடல் போக்குவரத்துத் துறை 1958-ல் அளவுகளைப் பற்றிக் கமிட்டிகள் போட்டது. தர நிர்ணயச் சங்கமும் தனியாக உட்கார்ந்து பேசியது. நீண்ட இழுபறிக்குப் பிறகு ஏப்ரல் 1961-ல் 10, 20, 30, 40 அடி என்று அறிவித்தார்கள். ஒன்றை ஒன்றோடு சேர்த்து அடுக்கலாம் என்பதுதான் இந்த எண்களின் ஒரே அழகு. 1964-ல் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் இதே நீளங்களை ஏற்றுக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குக் கன்டெய்னர் தொழிலில் முன்னால் நின்ற இரண்டு கம்பெனிகளின் அளவும் (35 அடியும் 24 அடியும்) இந்தப் பட்டியலில் இல்லை. பல வருடங்கள் அவை தங்கள் பழைய அளவிலேயே ஓட்டின.

நீளம் முடிவானாலும் இன்னொரு சிக்கல் பாக்கி. பெட்டியைத் தூக்கவும், ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்டவும் எட்டு மூலைகளிலும் ஒரே மாதிரி பிடிப்பு வேண்டுமே! மெக்லீனின் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் வடிவமைத்த மூலைப்பிடிப்பும், அதில் நுழைந்து திரும்பிப் பூட்டும் ட்விஸ்ட் லாக்கும் நன்றாக வேலை செய்தன. அதன் காப்புரிமையை 1963-ல் அந்தக் கம்பெனி விட்டுக்கொடுத்தது. கொஞ்சம் பலப்படுத்தி 1967-ல் உலகம் முழுவதற்கும் பொதுவாக்கினார்கள். நீளத்தில் தோற்ற மெக்லீன், மூலையில் ஜெயித்தார் என்று சொல்லலாம்.

இன்று புழக்கத்தில் இருப்பவை

1. 20 அடி சாதாரணப் பெட்டி: அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடம். இரும்பு, டைல்ஸ், அரிசி மாதிரி கனமான சரக்குக்கு இதுதான். 'டிஇயூ' என்று கப்பல்களின் கொள்ளளவைச் சொல்வது இந்தப் பெட்டியின் கணக்கில்தான்.
2. 40 அடி பெட்டி: சுமார் 67 கன மீட்டர். துணி, பர்னிச்சர் போல இடம் அடைக்கும் சரக்குக்கு.
3. 40 அடி ஹை கியூப்: உயரம் ஒன்பதரை அடி, சுமார் 76 கன மீட்டர்.
4. ரீஃபர்: குளிர்பதனப் பெட்டி. கப்பலிலும் யார்டிலும் மின்சார இணைப்பு கொடுக்க வேண்டும். மீன், இறால், பழம், மருந்து எல்லாம் இதில்தான் போகும்.
5. ஓப்பன் டாப்: கூரைக்குப் பதில் தார்ப்பாய். மேலிருந்து கிரேனால் இறக்க வேண்டிய இயந்திரங்களுக்கு.
6. ஃபிளாட் ராக்: பக்கச்சுவரும் கூரையும் கிடையாது. பெட்டிக்குள் அடங்காத சரக்குக்கு.
7. டேங்க்: 20 அடி இரும்புச் சட்டத்துக்குள் ஒரு உருளை. எண்ணெய், ரசாயனம் போன்ற திரவங்களுக்கு.

ஒரு சின்ன ரகசியம்: 20 அடி பெட்டி சரியாக 20 அடி இல்லை! 6.058 மீட்டர்தான், அதாவது ஒன்றரை அங்குலம் குறைவு. இரண்டு 20 அடி பெட்டிகளை நடுவில் 3 அங்குல இடைவெளி விட்டு வைத்தால் சரியாக ஒரு 40 அடி (12.192 மீட்டர்). அதற்காகத்தான் அந்தக் குறைப்பு. 10 அடியும் 30 அடியும் கடல் வணிகத்தில் பெரிதாக எடுபடவில்லை.

சமரசத்தின் தழும்பும் இன்னும் இருக்கிறது. பெட்டியின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். ஐரோப்பாவில் சரக்கு அடுக்கும் பலகையின் நீளம் 1.2 மீட்டர். இரண்டை அந்த வாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 2.4 மீட்டர், அதாவது 5 சென்டிமீட்டர் இடிக்கும்! அமெரிக்க சாலையை வைத்து முடிவான அகலம் இது. அதனால்தான் ஐரோப்பாவுக்குள் மட்டும் ஓட்டுவதற்குக் கொஞ்சம் அகலமான 45 அடி பெட்டிகளைத் தனியாகச் செய்துகொண்டார்கள்.

மேஜையில் இடம் கிடைக்காதவர்கள்

அந்தக் கமிட்டிகளில் கப்பல்காரர்கள் இருந்தார்கள், லாரிக்காரர்கள் இருந்தார்கள், பெட்டி செய்பவர்கள் இருந்தார்கள். தோளில் மூட்டை சுமந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் கணக்கைத் தீர்த்தவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான சங்கம் 1960-ல் ஒரு ஒப்பந்தம் போட்டது. இயந்திரங்களைத் தடுப்பதில்லை, பதிலுக்கு முதலாளிகள் வருடத்துக்கு 50 லட்சம் டாலர் நிதிக்குத் தர வேண்டும். அதிலிருந்து வயதானவர்களுக்கு ஓய்வுத்தொகை, மற்றவர்களுக்கு வருமான உத்தரவாதம். தடுக்க முடியாததைத் தடுக்காமல் அதற்கு விலை பேசிய ஒப்பந்தம் அது. பேச வலுவான சங்கம் இருந்ததால் அவர்களுக்கு அதாவது கிடைத்தது.

ஊர்களும் தப்பவில்லை. ஒரே அளவுப் பெட்டிக்குப் பெரிய கிரேனும், பரந்த யார்டும், நேரே நெடுஞ்சாலையும் வேண்டும். நெருக்கமான பழைய நகரங்களில் அதற்கு இடம் ஏது? சான் பிரான்சிஸ்கோவின் சரக்கு எதிர்க்கரையான ஓக்லாந்துக்குப் போனது. நியூயார்க்கின் சரக்கு நியூஜெர்சிக்குப் போனது. லண்டனில் 1967-ல் ஈஸ்ட் இந்தியா டாக் மூடப்பட்டது. 1981-க்குள் நகரத்துக்குள் இருந்த பழைய டாக்குகள் எல்லாமே முடிந்தன. அவற்றைச் சுற்றி வாழ்ந்த தெருக்களின் பிழைப்பும் கூடவே போனது. இந்தியாவில் கன்டெய்னருக்கென்றே அமைந்த முதல் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் வந்தது.

58 பெட்டியில் தொடங்கியது இன்று ஒரே கப்பலில் 24,000 டிஇயூவைத் தாண்டிவிட்டது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், உலகத்தை மாற்றியது பெட்டி இல்லை. பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள். "என் அளவுதான் சரி" என்று நின்றவர்களை, யாருடையதும் அல்லாத ஒரு அளவுக்கு இறங்கி வரவைத்ததுதான் மாற்றியது. அந்தப் பேச்சில் துறைமுகத் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தால் 20 அடி 20 அடியாகவேதான் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தெருக்களுக்குக் கொஞ்சம் அவகாசமாவது கிடைத்திருக்கும்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை சிக்னலில் கன்டெய்னர் லாரி நின்றால் அதன் பின்கதவைப் பாருங்கள். நான்கு எழுத்து, ஏழு எண் கொண்ட பெட்டி எண்ணுக்குக் கீழே ஒரு சின்னக் குறியீடு இருக்கும். '22ஜி1' என்றால் 20 அடி சாதாரணப் பெட்டி. '45ஜி1' என்றால் 40 அடி ஹை கியூப் (45 அடி என்று ஏமாறாதீர்கள்!). '45ஆர்1' என்றால் அதே அளவில் ரீஃபர். பச்சை விழுவதற்குள் படித்துவிடலாம்.