ஆல்பர்ட் ஏன் அழுதான்? – நடத்தைவாதம் குறித்துச் சில குறிப்புகள்

மனம் பற்றிப் பேச வந்து, மனம் என்ற சொல்லையே தள்ளிவைத்தது நடத்தைவாதம். 1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் பி. வாட்சன் எழுதிய கட்டுரையை அதன் பிரகடனம் எனலாம். உள்ளே என்ன நிகழ்கிறது என்று குடைந்துகொண்டிருக்க வேண்டாம். தூண்டல் எது, துலங்கல் எது என்று பார். நடத்தையை முன்கூட்டிச் சொல், கட்டுப்படுத்து. அவ்வளவுதான். ரஷ்யாவில் பாவ்லோவ் நாயின் உமிழ்நீரை அளந்த முறை அமெரிக்காவில் கைக்குழந்தையிடம் வந்து சேர்ந்தது.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாட்சனும் ரோசலி ரேய்னரும் செய்த சோதனை 1920இல் அச்சாயிற்று. குழந்தைக்கு அவர்கள் இட்ட பெயர் ஆல்பர்ட். வயது பதினொரு மாதம். வெள்ளை எலியிடம் அவனுக்குப் பயமில்லை, கையை நீட்டினான். உடனே முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். எலியும் ஓசையுமாக ஏழு தடவை. பிறகு எலி மட்டும் வந்தாலே அழுதுகொண்டு தவழ்ந்து விலகினான். அந்தப் பயம் முயல், நாய், ரோமக்கோட்டு என்று பரவியது. ஏற்றிய பயத்தை யாரும் இறக்கவில்லை. குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது.

அதன் தாய், அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் பிறர் பிள்ளைகளுக்குப் பாலூட்டும் வேலை பார்த்தவர். அவரிடம் சம்மதம் கேட்டார்களா? கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. தாங்கள் முதலில் தயங்கியதையும், வீட்டுக்குப் போனால் எப்படியும் இவனுக்கு இந்தப் பயங்கள் வரத்தானே போகின்றன என்று சமாதானம் செய்துகொண்டதையும் மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

இதை வைத்து நடத்தைவாதத்தைப் பிற்போக்கு என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. பிறவிக் குணம் என்ற பேச்சு சட்டமாகவே இருந்த காலம் அது. 1907இல் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டம் செல்லும் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்போது, குணம் இரத்தத்தில் இல்லை, கற்றுக்கொள்வதுதான் என்றார் வாட்சன். இதிலுள்ள சனநாயகக் கூறு முக்கியமானது. ஆனால் எந்தக் குழந்தையையும் தான் நினைத்தபடி ஆக்கிக் காட்டுவதாக அவர் சவால் விட்டபோது, பிறப்பு இருந்த பீடத்தில் பயிற்றுவிப்பவன் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஆகப்போகிறவனிடம் கேள்வி கிடையாது.

இதே கோட்பாட்டைக் கொண்டுதான் 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் வேறொன்று செய்தார். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பயமில்லாத குழந்தைகளோடு விளையாடவிட்டார். பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். பயம் போயிற்று. அச்சம் நீக்கும் நடத்தைச் சிகிச்சைகளின் முன்னோடி இது.

ஆக, கற்றலின் விதி இருவருக்கும் ஒன்றே. யார் கையில், யாருடைய குழந்தைமேல், எதற்காக என்பதை அந்த விதி சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும். 1920இல் வாட்சனைப் பல்கலைக்கழகம் வெளியேற்றியது உண்மை. ரேய்னருடன் அவருக்கிருந்த உறவுக்காக வெளியேற்றியது, ஆல்பர்ட்டுக்காக அல்ல. அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் ஒரு விளம்பர நிறுவனம்.