பல கைகள் செய்த இசைத்தட்டு

1980-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி வெளிவந்த 'ரிமெய்ன் இன் லைட்' என்னும் இசைத்தட்டு, நாற்பது நிமிஷங்களும் எட்டுப் பாட்டுகளும் மட்டுமே கொண்டது. ஆயினும் நியூ வேவ் என்று பெயர் பெற்ற இயக்கம் பிறப்பித்த இசைத்தட்டுகளுள், ஒரு மனிதனின் மேதையால் அல்லாமல் பல மனிதர்கள் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசித்ததனால் உருவான சிருஷ்டி இதுவே என்பது என் அபிப்பிராயம். அத்தகைய சிருஷ்டிக்கு உரியவர் யார் என்ற வழக்கு அதன் உறையிலேயே தொடங்கியதும் கவனிக்கத் தக்கது.

இதை உண்டாக்கிய டாக்கிங் ஹெட்ஸ் குழுவினரில் டேவிட் பர்ன், கிறிஸ் ஃப்ரான்ட்ஸ், டீனா வெய்மவுத் ஆகிய மூவரும் ரோட் ஐலண்டிலுள்ள சித்திரக் கல்லூரியில் பயின்றவர்கள். 1975-இல் நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. என்ற சிறிய விடுதியில் ரமோன்ஸ் குழுவுக்கு முன்னால் மேடையேறிய இவர்களோடு, 1977-இல் ஜெர்ரி ஹாரிசன் சேர்ந்துகொண்டார். அவ்வாண்டு அவர்களுடைய முதல் தட்டை வெளியிட்ட சைர் நிறுவனத்தின் அதிபர் ஸீமோர் ஸ்டைன், 'பங்க்' என்ற பெயருக்கு வானொலி நிலையத்தார் அஞ்சுவதைக் கண்டு, இந்தப் புதிய சங்கீதத்தை நியூ வேவ் என்றே வழங்க வேண்டுமென்று பிரசாரம் செய்தார். இரண்டாவது தட்டிலிருந்து பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் தயாரிப்பாளராக வந்து சேர்ந்தார். மூன்று தட்டுகள் வந்து புகழும் சேர்ந்தபின், குழு என்பது பர்ன் ஒருவருக்குத் துணைக்கருவி வாசிப்பவர்களின் கூட்டம் என்ற எண்ணம் பத்திரிகைகளில் பரவவே, ஏனையோர் மனம் நொந்தனர். கணவனும் மனைவியுமான ஃப்ரான்ட்ஸும் வெய்மவுத்தும் கரீபியன் தீவுகளுக்குச் சென்று, அங்குள்ள தாளவாத்திய மரபுகளைப் பக்கத்திலிருந்து கேட்டுச் சில காலம் தங்கினர்.

1980-ஆம் ஆண்டின் கோடையில், பகாமாஸ் தீவுகளின் தலைநகரான நாசாவில், கிறிஸ் பிளாக்வெல் நிறுவிய காம்பஸ் பாயிண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் கூடியபோது, எழுதி முடித்த பாட்டு ஒன்றுகூட அவர்கள் கையில் இல்லை. வேண்டுமென்றே அப்படி வந்தார்கள். நைஜீரியாவின் ஃபேலா குட்டி 1973-இல் வெளியிட்ட 'அஃப்ரோடிசியாக்' என்னும் தட்டை ஈனோ பேரார்வத்தோடு கேட்டும் பிறருக்குப் போட்டுக் காட்டியும் வந்தவர். அதில் பல வாத்தியங்கள் தனித்தனியே சிறு சிறு சொற்கட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து, முடிவில் எந்த வாத்தியமும் தலைமை கொள்ளாத ஒரு பெரிய ஓட்டத்தை உண்டாக்கும் விதமே அவர்களுக்கு ஆதர்சமாயிற்று. மேல்நாட்டு ஜனரஞ்சக சங்கீதத்தில் கார்டு எனப்படும் ஸ்வரக்கூட்டு மாறிக்கொண்டே சென்று பாட்டை நடத்தும். இங்கோ பாட்டு முழுவதும் பெரும்பாலும் ஒரே ஆதாரத்தில் நிற்க, அசைவெல்லாம் தாளத்திலேயே நிகழ வேண்டியிருந்தது.

ஒலித்துண்டுகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பி ஒலிக்கச் செய்யும் யந்திரங்கள் அக்காலத்துக் கூடங்களில் இன்னும் பழக்கத்துக்கு வராதவை. ஆகையால் ஒரே சொற்கட்டை நிமிஷக்கணக்கில் பிசகாமல் வாசிக்கும் உழைப்பை மனிதக் கைகளே ஏற்றன. ஒருவர் வாசித்ததன்மேல் மற்றொருவர், அதன்மேல் இன்னொருவர் என்று நாடாவின் தடங்கள் நிறைந்தன. பிறகு கலவை மேஜையின் விசைகளை அழுத்தி, இந்தத் தடம் இப்போது ஒலிக்கட்டும், அந்தத் தடம் மௌனமாகட்டும் என்று தேர்ந்தெடுப்பதன் மூலமே பல்லவி எது, சரணம் எது என்பது தீர்மானமாயிற்று. நீக்குவதும் ஒரு வகை இயற்றலே என்பதை இங்கே காணலாம். வேலையின் வேகத்தைப் பற்றி ஈனோவோடு கருத்து வேறுபட்டு ஒலிப்பதிவாளர் ரெட் டேவிஸ் விலகிவிட, ஜமைக்காவைச் சேர்ந்த இளைஞர் ஸ்டீவன் ஸ்டான்லி அந்த இடத்துக்கு வந்தார்.

சொற்கள் பிற்பாடுதான் வந்தன. நியூயார்க்கின் சிக்மா சவுண்ட் கூடத்தில், முன்பே ஓடிக்கொண்டிருந்த தாளத்துக்கு அர்த்தமற்ற அசைகளைப் பாடிப் பார்த்து, அவற்றின் வடிவத்துக்குப் பொருந்தும் சொற்களைப் பர்ன் தேடினார். வானொலியில் முழங்கும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரசங்கிகளின் குரலேற்றமும் மூச்சின் லயமும் அவருக்குத் துணை நின்றன. 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' என்ற பாட்டில், நடுவயதை எட்டிய ஒரு மனிதன் தன் வீட்டையும் வாழ்வையும் பார்த்துத் திகைக்கும் திகைப்பு, அந்தப் பிரசங்கத் தொனியினால்தான் நம்மைத் தொடுகிறது. அட்ரியன் பெலூவின் விசித்திரமான கிதார், ஜான் ஹாஸலின் டிரம்பெட், நோனா ஹென்ட்ரிக்ஸின் குரல் ஆகியவையும் இங்கே சேர்ந்தன.

உறைச் சித்திரத்தை வெய்மவுத்தும் ஃப்ரான்ட்ஸும் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர் வால்டர் பெண்டருடன் சேர்ந்து, கம்ப்யூட்டரின் உதவியால் அமைத்தனர். நால்வரின் முகங்களும் சிவப்பு முகமூடிகளால் மறைந்து, யார் எவர் என்று எளிதில் தெரியாமலிருப்பது அந்த இசைக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் முகத்தை மறைத்த அதே உறை பெயர்களை மறைக்கவில்லை. டேவிட் பர்ன், பிரையன் ஈனோ என்று இருவரைத் தனியே குறித்துவிட்டு, மற்றவர்களைக் குழுவின் பெயருக்குள் அடக்கி, பாட்டுகளின் கர்த்தாக்கள் இன்னார் என்று அச்சிட்டிருந்தார்கள். பர்ன் நீங்கலாக மற்ற மூவரும் ஆட்சேபித்தனர், பிந்திய பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. இதை அற்பச் சச்சரவு என்று ஒதுக்குவது நியாயமன்று. தாளமே பாட்டாக நிற்கும் ஓரிடத்தில், தாளத்தைக் கொடுத்தவரைப் பக்கவாத்தியம் என்று பிரித்தல் அந்தப் பாட்டின் உயிரையே மறுப்பதாகும். ஈனோ இக்குழுவுக்குத் தயாரித்த கடைசித் தட்டு இதுவாகவே அமைந்தது.

இத்தனை தடங்களையும் நால்வர் மேடையில் வாசிக்க இயலாதாகையால், ஃபங்க் சங்கீதத்தில் பேர்போன பெர்னி வொரல் முதலியோரைச் சேர்த்துக்கொண்டு, விரிந்த குழுவாக 1980 ஆகஸ்ட் 23-ஆம் தேதி டொரண்டோவுக்கு அருகில் நடந்த ஹீட்வேவ் விழாவில் முதன்முதல் தோன்றினர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் சமமாய் நின்று வாசித்த அந்தக் காட்சியைத் தட்டு வெளிவருமுன்பே ஜனங்கள் கண்டுவிட்டனர். விமரிசகர்கள் ஏறக்குறைய ஒருமுகமாகப் பாராட்டினார்கள். விற்பனை வரிசையில் அமெரிக்காவில் 19-ஆம் இடமும் பிரிட்டனில் 21-ஆம் இடமும் கிடைத்தன. 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பிரிட்டனில் 14-ஆம் இடம்வரை ஏறியும், சங்கீதத்தைத் தோலின் நிறத்தால் வகுத்து வைத்திருந்த அமெரிக்க வானொலியில் அப்போது அதற்கு இடம் கிடைக்கவில்லை. பாடகர் வியர்க்க விறுவிறுக்கக் கைகால்களை உதறி ஆடும் அதன் சலனப்படம், மறு ஆண்டு எம்.டி.வி. தொடங்கியபின் பிரசித்தி பெற்றது. பிற்காலத்தில் இத்தட்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கௌரவங்களுள் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் அதைத் தம்முடையதென்று மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இத்தட்டைப் பொறுத்தவரை நிற்காது. ஆப்பிரிக்க லயத்தைப் பற்றி ஜான் மில்லர் செர்னாஃப் எழுதிய நூல் உட்பட, தாங்கள் படித்த நூல்களின் பட்டியலையே பத்திரிகைகளுக்கு அனுப்பி வைத்தவர்கள் அவர்கள். பெனின் தேசத்திலிருந்து 1983-இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த ஆஞ்செலிக் கிட்ஜோ, அந்நகரில் ஒரு விருந்தில் 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாட்டைக் கேட்டு, இது ஆப்பிரிக்க சங்கீதம்தான் என்று எண்ணினார். உடனிருந்தவர்கள் இல்லை, ராக் என்று மறுத்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2018-இல், எட்டுப் பாட்டுகளையும் தம் குரலில், தம் நாட்டு மொழிகளையும் கலந்து, அவர் மீண்டும் பாடி வெளியிட்டதே நான் சொன்ன கௌரவம். அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர்களுள் ஒருவர் டோனி ஆலன். ஃபேலா குட்டியின் குழுவில் அந்தத் தாளத்தை முதலில் வகுத்தவர் அவரே.