மட்டம்: ஒரு மேசையின் வரலாறு

1674ஆம் ஆண்டில் இலண்டனில் விளையாட்டுகளைப் பற்றிய நூலொன்று வெளிவந்தது. சார்லஸ் காட்டன் எழுதியதாகக் கருதப்படும் 'தி கம்ப்ளீட் கேம்ஸ்டர்' என்னும் அந்நூல், பில்லியர்ட்ஸ் மேசையின் அமைப்பை விவரித்துவிட்டு, மெய்யாகவே மட்டமாக நிற்கும் மேசைகள் மிகச் சிலவே என்று குறைப்படுகிறது. அதற்கு அது காட்டும் காரணங்கள் மூன்று. நன்கு உலராத மரம் வளைந்துகொள்ளும். மேசை நிற்கும் தரையே சமமாக இராது. மேசையின் எடையாலும் அதன்மேல் சாய்ந்து ஆடுவோராலும் அமைப்பு காலப்போக்கில் தளர்ந்து இறங்கும். பந்து எப்பக்கமும் சாயாமல் ஓட வேண்டும் என்பதே அந்நூலாசிரியரின் எதிர்பார்ப்பு.

இந்த மூன்று பகைகளுடன் மனிதர் நடத்திய நெடும்போராட்டமே பில்லியர்ட்ஸ் மேசையின் வரலாறு எனலாம். இன்று தம் வீட்டுக் கூடத்தில் ஒரு பூல் மேசையைத் தம் கையாலேயே நிறுவ விரும்புவோர் அப்போராட்டத்தின் கடைசிக் கண்ணியாக நிற்கின்றனர். மூன்று பகைகளில் ஒன்றைத் தொழிற்சாலை வென்று கொடுத்துவிட்டது. மற்ற இரண்டும் இன்றும் வீட்டுக்காரரின் பொறுப்பிலேயே இருக்கின்றன.

இவ்விளையாட்டு முதலில் புல்தரையில் ஆடப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகளுக்குள் நுழைந்து மேசைமேல் ஏறியபோது, விட்டுவந்த புல்லின் நினைவாகப் பச்சைத் துணி அதன்மேல் விரிந்தது என்பர். பிரெஞ்சு மன்னன் பதினோராம் லூயியிடம் இத்தகைய மேசை இருந்தமை பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. ஆனால் அக்கால மேசையின் தளம் பெரும்பாலும் மரமே. மழைக்காலத்தில் உப்பி, வெயிற்காலத்தில் சுருங்கும் மரத்தின்மேல் ஆட்டத்தின் நியாயத்தை நிலைநிறுத்த முடியுமா? பந்து குழியில் விழுந்தது ஆடியவரின் திறத்தாலா, பலகையின் கோணலாலா என்ற ஐயம் தீராத வரையில் வெற்றிக்கும் பொருளில்லை, தோல்விக்கும் பொருளில்லை.

முதற்பகையை வென்றது கல். இலண்டன் மேசைத் தொழிலாளர் ஜான் தர்ஸ்டன் 1826இல் சிலேட்டுக்கல்லால் தளம் அமைத்தார். சிறுபிள்ளைகள் எழுதிப் பழகிய பலகையின் அதே கல்தான். அடுக்கடுக்காகப் பிளக்கக்கூடியது, தேய்த்தால் வழவழப்பாவது, ஈரத்தால் வளையாதது. மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டபின் மேசையின் எடையும் பன்மடங்காகிவிட்டது. ஒரு பகையை விரட்டிய கை மற்றொன்றுக்கு வலிமை சேர்த்தது.

அடுத்து விளிம்பு. காட்டன் காலத்து மேசையின் விளிம்புகளில் சணல் நாரும் பஞ்சும் திணிக்கப்பட்டிருந்தன. 1835இல் தர்ஸ்டன் ரப்பரைக் கொண்டுவந்தார். ஆனால் பதப்படுத்தாத ரப்பர் குளிரில் இறுகிப் பந்தைத் திருப்பி அனுப்ப மறுத்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் தட்பவெப்பத்தைத் தாங்கும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். சில ஆண்டுகளிலேயே அப்புதிய ரப்பர் மேசை விளிம்புக்கு வந்து சேர்ந்தது.

பந்தின் கதை துயரமானது. நல்ல பந்து யானைத் தந்தத்தில் கடையப்பட்டது. ஒரு தந்தத்தில் தேறுபவை சில பந்துகளே. ஈரத்தில் தந்தமும் வடிவம் மாறும். 1860களில் நியூயார்க்கின் மேசை உற்பத்தி நிறுவனமொன்று தந்தத்திற்கு மாற்றுப்பொருள் காண்பவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹயட் என்னும் அச்சுத்தொழிலாளர் அம்முயற்சியில் இறங்கி, செல்லுலாய்டைத் தொழில்முறையில் உருவாக்கும் வழியைக் கண்டார். பின்னாளில் திரைப்படச் சுருளாகவும் மாறிய பொருளின் வரலாற்றில் இம்மேசைக்கும் ஒரு பங்கு உண்டு. இன்றைய பந்துகள் பீனாலிக் பிசினால் ஆனவை. பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர்.

நம் மண்ணிலும் இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நிகழ்ந்தது. 1875இல் ஜபல்பூர் படைமுகாமில், மழைக்காலச் சலிப்பைப் போக்க நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி (பின்னாளைய பிரதமர் அல்லர், வேறொருவர்) பிற ஆட்டங்களைக் கலந்து ஸ்னூக்கரை உருவாக்கினார். அவர் சென்னைப் படையின் தலைமைத் தளபதியுடன் உதகமண்டலம் வந்தபின், 1882இல் அங்குள்ள கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிமுறைகள் எழுதி மாட்டப்பட்டன. ஊட்டிக்குப் பெருமை சேர்க்கும் செய்தியாக இதைப் பலமுறை படித்திருக்கிறோம்.

ஆனால் படிக்கும்போது நாம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த மேசை மலைமேல் எப்படி வந்தது? மலைரயில் உதகையை அடைந்தது 1908இல்தான். முழு அளவு மேசையின் ஆடுதளம் ஏறக்குறைய 12 அடிக்கு 6 அடி. அதன் அடியில் ஐந்து கற்பாளங்கள். அவை மாட்டுவண்டியிலோ ஆட்களின் தோளிலோ மலைப்பாதையில் ஏறியிருக்க வேண்டும். ஏற்றியவர் யார்? பாளங்களைப் பொருத்தி மட்டம் பார்த்தவர் யார்? நீலகிரிக் குளிரிலும் தென்மேற்குப் பருவமழையிலும் துணியை நாள்தோறும் துலக்கியவர் யார்? கிளப்புகளில் ஆட்டக் கணக்கு வைத்து, மேசையைப் பேணி, துணையற்ற உறுப்பினருடன் ஆடியும் கொடுத்த இந்தியப் பணியாளரை 'மார்க்கர்' என்றழைத்தனர். விதி வகுத்தவரின் பெயர் நிலைத்துவிட்டது. அவ்விதிகள் செல்லுபடியாகும்படி தளத்தைச் சமமாக வைத்திருந்தவர்களின் பெயருக்கு நாம் படிக்கும் வரலாறுகளில் இடமில்லை. இன்று வீட்டில் மேசை அமைப்போர் செய்வது அந்த மார்க்கரின் பணியையே.

அப்பணியின் நுட்பத்தைச் சற்றே காண்போம். வீடுகளுக்கு ஏற்ற எட்டடி மேசையின் ஆடுதளம் 88 அங்குலத்துக்கு 44 அங்குலம். நீளம் எப்போதும் அகலத்தின் இருமடங்கு. 58 அங்குலக் கோலைத் தடையின்றி வீச, அறை குறைந்தது 17 அடிக்கு 13½ அடி இருத்தல் வேண்டும். ஓரங்குலக் கனமுள்ள சிலேட்டுத் தளம் மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். அது பெரும்பாலும் மூன்று பாளங்களாக வரும். மாடியில் வைப்பதாயின் தளத்தின் தாங்குதிறனைப் பொறியாளரிடம் கேட்டறிவது அறிவுடைமை.

காட்டன் சொன்ன இரண்டாம் பகையாகிய தரையை இங்கேதான் எதிர்கொள்கிறோம். நம் கொத்தனார்கள் கழுவிய நீர் வடியட்டும் என்று தரைக்கு வேண்டுமென்றே வாட்டம் கொடுப்பர். வீட்டுக்கு நன்மையான அந்த வாட்டமே மேசைக்குத் தீமை. எனவே மரச்சட்டத்தை முதலில் நிறுத்தி, கால்களின் அடியிலுள்ள திருகுகளைத் திருப்பி ரசமட்டம் காட்டுமளவு சரிசெய்ய வேண்டும். பிறகு நடுப்பாளத்தை வைத்து, அதற்கேற்ப இருமுனைப் பாளங்களையும் வைக்க வேண்டும். சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய மர ஆப்புகளைச் செருகிச் செருகி, பாளங்களின் விளிம்புகள் விரல்நகத்துக்கும் தட்டுப்படாதவாறு இணைப்பதே இக்கலையின் உயிர்நிலை. உலகப் பூல் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் அளவுகோல் நீளவாக்கில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வேறுபாட்டையும், அகலவாக்கில் அதிலும் பாதியையுமே அனுமதிக்கிறது.

இணைப்பிடைவெளியில் தேன்மெழுகை உருக்கி வார்த்து, இறுகியபின் கல்லோடு கல்லாகச் சுரண்டி எடுத்துவிடுவர். அதன்மேல் துணி. ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையில் சீராக இழுத்துக் கட்ட வேண்டும். தளர்ந்தால் சுருக்கம் விழும், பந்தின் வேகமும் குன்றும். இறுதியாக விளிம்புகளைப் பூட்டுவர். குஷனின் மூக்கு பந்தின் உயரத்தில் ஏறக்குறைய 63 விழுக்காட்டில் பந்தைத் தொட வேண்டும். தாழ்ந்தால் பந்து துள்ளும், உயர்ந்தால் தளத்தில் அழுந்தித் தயங்கும்.

கருவி சொல்வதை ஆட்டம் ஒப்புக்கொள்கிறதா என்று சோதிக்க வழி எளிது. பந்தை மெல்ல உருட்டிவிட்டு, அதன் ஓட்டம் அடங்கும் கடைசிச் சாணில் கண்ணை வைக்க வேண்டும். வேகமாகச் செல்லும் பந்து சரிவை மறைத்துவிடும். நிற்கப்போகும் பந்தால் பொய் சொல்ல இயலாது. பந்தே கோணலாக இருக்கலாம் என்பதால் வெவ்வேறு பந்துகளால், எதிரெதிர்த் திசைகளில் உருட்டிப் பார்த்தல் நன்று.

மூன்றாம் பகை காலம். அதை ஒருநாளும் முற்றாக வெல்வதற்கில்லை. கால்கள் தரையில் பதியும். ஈரப்பதத்தால் சட்டத்தின் மரம் அசையும். சாக்பீஸ் தூள் துணியின் இழைகளுக்குள் இறங்கி அதை அரிக்கும். ஆடியபின் மென்தூரிகையால் ஒரே திசையில் துலக்குதல், உறையிட்டு மூடுதல், நேர்வெயில் படாது காத்தல், விளிம்பில் ஏறி உட்காராதிருத்தல், சில மாதங்களுக்கு ஒருமுறை ரசமட்டத்தை மீண்டும் வைத்துப் பார்த்தல்: இவையே பராமரிப்பின் முழு நூல். ஒவ்வொன்றும் அற்பமாகத் தோன்றும். ஒன்றை விட்டாலும் ஆட்டம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மட்டம் என்ற சொல்லின் போக்கு தமிழில் வியப்புக்குரியது. கொத்தனாரின் வாயில் அது சமநிலை, துல்லியம். நாம் ஒரு பொருளை 'மட்டம்' என்று இகழும்போதோ அதே சொல் தாழ்வைக் குறிக்கிறது. துல்லியத்தைக் காக்கும் உழைப்பைத் தாழ்ந்ததென எண்ணிவந்த ஒரு சமூகத்தின் பார்வையும் அச்சொல்லில் படிந்திருக்குமோ என்று ஐயுறத் தோன்றுகிறது. கல்லும் ரப்பரும் பிசினும் விலைக்குக் கிடைக்கும். சமநிலை மட்டும் அப்படிக் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் குனிந்து பார்த்து, ஆப்பை ஒரு மயிரிழை நகர்த்தி, மீண்டும் குனிந்து பார்த்தே அது உண்டாகிறது. மேசையின் இருபுறமும் நிற்பவர் யாராயினும் அவர்களுக்கு ஒரே நியாயம் கிட்டுவது அந்தக் குனிவினால்தான்.