கிரகணப் பாதையும் இணைப்பு வளையமும்

சேலத்திலிருந்து பவானியைத் தொட்டுப் பெருந்துறை வழியாகக் கோயம்புத்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள அவிநாசி, பெருந்தேராலும் பழமையான சிவாலயத்தாலும் பிரசித்தி பெற்ற தலம் என்பதைக் கொங்கு நாட்டில் அறியாதார் இல்லை. ஆனால், 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி காலையில், அவ்வூரும் அதனைச் சூழ்ந்த பிரதேசமும் உலகத்து வானசாஸ்திரிகள் பலரின் கவனத்தைத் தம்பால் ஈர்த்திருந்தன என்பதை அறிந்தவர் சிலரே. அன்று நிகழ்ந்த பூரண சூரிய கிரகணத்தின் நிழல், மேற்குக் கடற்கரையில் பேக்கல் கோட்டையருகே கரையேறி, நீலகிரியைக் கடந்து, அப்போது பவானியையும் உள்ளடக்கியிருந்த கோயம்புத்தூர் ஜில்லாவின் மீது படர்ந்து, புதுக்கோட்டைச் சீமை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றது. பேக்கலில் இங்கிலாந்தின் லாக்யரும், உதகைக்கு அருகே சோலூரில் பிரான்ஸ் தேசத்து ஜான்சனும், தொட்டபெட்டாவில் டென்னன்ட் தலைமையிலான குழுவினரும், அவிநாசியில் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவர் நார்மன் போக்சனும் தத்தம் கருவிகளுடன் காத்திருந்தனர்.

போக்சன் நிறமாலைக் கருவியின் வழியே கண்ணால் நோக்கினார். பேக்கல், தொட்டபெட்டா ஆகிய இரண்டு இடங்களில் கண்ணுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டை வைத்தார்கள். பேக்கலில் ஐந்து, தொட்டபெட்டாவில் ஆறு என அன்று கிடைத்த படங்களே பிற்காலத்தாரால் பெரிதும் போற்றப்பட்டன. அதற்குத் தக்க காரணமும் உண்டு. கிரகண வேளையில் சூரியனைச் சுற்றி வெண்முத்தின் ஒளியாய்த் தோன்றும் மகுடத்தை ஒரே மேடையில் நின்று வரைந்த இருவர் இரு வேறு வடிவமாக வரைவது வழக்கமாயிருந்தபடியால், அது சூரியனுக்கே உரியதா, பூமியின் காற்றில் தோன்றும் மயக்கமா என்ற ஐயம் நெடுங்காலம் தீராதிருந்தது. இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியில், கடலோரத்தில் ஒன்றும் மலையுச்சியில் ஒன்றுமாக அமைந்த இரு நிலையங்களின் தகடுகளிலும் மகுடத்தின் கதிர்கள் ஒரே விதமாகப் பதிந்திருந்தது, அது சூரியனைச் சேர்ந்ததே என்பதற்கு வலுவான சாட்சியாயிற்று.

இத்தகைய சாட்சியைப் பெறுவதற்கு அவர்கள் பட்ட பாடு இன்று நினைத்துப் பார்க்கவும் அரியது. அக்காலத்துத் தகடு கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பண்டமன்று. கண்ணாடியின் மீது கொலோடியன் என்னும் பிசினைச் சீராக ஓடவிட்டு, இருட்டுக் கூடாரத்தினுள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அதனைத் தோய்த்து, ஈரம் உலருமுன் தொலைநோக்கியில் பொருத்தி ஒளிபடச் செய்து, மீண்டும் கூடாரத்துக்கு ஓடிவந்து ரசாயனத்தில் கழுவி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். இவையனைத்தும் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். கிரகணத்தின் பூரண நிலையோ இரண்டு நிமிட அளவினதே.

இதனினும் நுட்பமான சங்கடம் ஒன்று இருந்தது. அந்நாளைய வில்லைத் தொலைநோக்கிகள் மனிதக் கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றும் மஞ்சள், பச்சை நிறக் கதிர்களை ஒருமுகப்படுத்துமாறு கடையப்பட்டவை. கொலோடியன் தகடோ நீலத்துக்கும் ஊதாவுக்குமே மசியும். ஆகவே, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த இடத்திலேயே தகட்டை வைத்தவனுக்கு மங்கிய பிம்பமே கிட்டியது. தகட்டுக்குரிய குவியம் வேறோர் தூரத்தில் இருந்தது. 1868 ஆகஸ்டு 18-ஆம் தேதியின் கிரகணத்தைக் குண்டூரில் படமெடுத்த டென்னன்ட், வெள்ளிப் பூச்சுடைய ஒன்பது அங்குலக் கண்ணாடி ஆடியைக் கொண்ட பிரதிபலிப்புத் தொலைநோக்கியைக் கையாண்டார். ஆடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்குமாதலால், அச்சங்கடம் அங்கே எழவில்லை. குண்டூரில் அவருக்கு ஆறு தகடுகள் தேறின. காமிராவைத் தொலைநோக்கியுடன் இணைக்கும் கலை என்பது முதற்கண் தூரத்தைக் கணிக்கும் கலையே என்பதை நம் தேசத்தில் அனுபவத்தால் முதலில் உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பது என் கருத்து.

கண்ணுக்காகச் செய்த கருவி காமிராவுக்கென மாறிய கதைக்குச் சிறந்த உதாரணம் கொடைக்கானலில் உள்ளது. பாரிஸ் நகரத்து லெரெபூர், செக்ரெத்தான் என்போர் செய்த ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்று 1850-இல் சென்னை நிலையத்துக்கு வாங்கப்பட்டது. அது 1898-இல் அயர்லாந்துக் கருவியாளர் கிரப் என்பவரால் சூரியனைப் படமெடுப்பதற்கென்றே திருத்தியமைக்கப்பட்டது. தொலைநோக்கியின் குவிதூரத்தை ஏறத்தாழ 110-ஆல் வகுத்தால் கிடைப்பதே சூரிய பிம்பத்தின் குறுக்களவு. எட்டடிக் குவிதூரத்துக்கு அது ஏறத்தாழ இரண்டே கால் சென்டிமீட்டர்தான். கொடைக்கானல் தகடுகளிலோ சூரியன் 20 சென்டிமீட்டர் அகலமுடையவன். இடையில் ஒரு பெரிதாக்கும் வில்லையை வைத்து, அதற்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சரியாக வகுத்தாலன்றி இது சாத்தியமாகாது. 1904 முதல் அந்நிலையத்தில் தொடர்ந்து சேர்ந்துவந்த சூரியப் படங்களின் வரிசை, உலகில் அவ்வகையில் மிக நீண்டவற்றுள் ஒன்று.

ஒரு நூற்றாண்டுக் காலமாகப் பித்தளைக் குழாயும் மரப்பெட்டியுமாக அவரவர் தேவைக்கு அவரவர் செய்துகொண்ட காமிரா-தொலைநோக்கி இணைப்பு, 1957-இல் ஜப்பானிய டாம்ரான் கம்பெனி புகுத்திய டி வளையத்தால் பொதுவுடைமை ஆயிற்று. அதன் சூத்திரம் எளிது. வளையத்தின் முகப்பிலிருந்து படம் பதியும் பரப்பு வரை 55 மில்லிமீட்டர். இது எந்தக் காமிராவுக்கும் மாறாது. கேனான் இ.எப். காமிராவின் வாயிலிருந்து அப்பரப்பு 44 மில்லிமீட்டர் உள்ளே இருப்பதால் அதற்குரிய வளையத்தின் தடிப்பு 11. நிக்கானுக்கு ஆழம் 46.5 ஆதலால் தடிப்பு 8.5. ஒன்றன் வளையம் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்று கடைக்காரர் சொல்வது வியாபாரத் தந்திரமன்று.

கோயம்புத்தூர்ப் பக்கத்து லேத் பட்டறைகளில் இத்தகைய வளையத்தை அலுமினியத்தில் கடைந்து தரச் சொல்வோர், விட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுதல் கூடாது. டி வளையத்தின் விட்டம் 42 மில்லிமீட்டர், மரையின் இடைவெளி 0.75, பழைய பென்டாக்ஸ், பிராக்டிகா காமிராக்களின் திருகு வில்லைக்கும் விட்டம் அதே 42, மரையிடைவெளி மட்டும் 1. ஒன்றை மற்றொன்றில் திருகினால் இரண்டு சுற்று இனிதாகச் சென்று பிறகு இறுகும். பலம் உள்ளவர் மேலும் திருகினால் இரண்டின் மரையும் கெடும். பிரதிபலிப்புத் தொலைநோக்கியாயின் மற்றோர் இடையூறும் உண்டு: குவியக் குழலை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் காமிராவின் பரப்பு குவியத்தை எட்டாமல் வெளியிலேயே நின்றுவிடும். அங்கே நீண்ட குழாய் கேடு செய்யும். மெல்லிய வளையமே உதவும். இதை விசாரியாமல் விலையுயர்ந்த அடாப்டரை வாங்கிவிட்டு, தொலைநோக்கியின் மீது பழிபோடுவோர் பலர்.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி வளையச் சூரிய கிரகணம் நீலகிரி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வழியாக, 1871-இன் பாதையை ஏறக்குறைய ஒட்டியே சென்றது. போக்சன் நின்ற அவிநாசி மீண்டும் அப்பட்டையினுள் அகப்பட்டது. இவ்விரண்டு கிரகணங்களுக்கும் இடையே 148 ஆண்டுகள். தென்னிந்தியாவில் தெரியும் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21-ஆம் தேதி தென்கேரளத்தின் மீதும் தென் தமிழ்நாட்டின் மீதும் செல்லவிருக்கிறது. பவானியில் இருப்போர்க்கு அது பெரிய பாதிக் கிரகணமாகவே தோன்றும். அன்று படமெடுக்க விரும்புவோர், காமிராவின் ஆழத்தையும் குவியக் குழலின் ஓட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டு, அதன் பிறகே இணைப்பு வளையத்தை வாங்கட்டும். சூரிய வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயிலில் மாட்டட்டும், கண்வில்லைப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்.